அடுப்பில் பட்ட ரப்பர்

டயர்ல 'குட்இயர்'னு எழுதியிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் டயர் கம்பெனி எதுவும் நடத்தல. அவர் இறந்து 38 வருஷம் கழிச்சு, 1898-ல வேற ஒருத்தர் ஆரம்பிச்சு, அவர் பேரை வச்ச கம்பெனி அது.

சார்லஸ் குட்இயர் 1800-ல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் பிறந்தவர். அப்பாவோட நடத்தின இரும்புச் சாமான் வியாபாரம் நொடிச்சுப் போச்சு. கடன் கட்ட முடியாம பல தடவை சிறைக்குப் போனார். முறையா கெமிஸ்ட்ரி படிக்கல. ஆனா ரப்பரை விடவும் இல்ல.

அன்னிக்கு ரப்பர் வெயில்ல இளகி ஒட்டும். குளிர்ல விறைச்சு வெடிக்கும். அரசாங்கத்துக்கு அவர் செஞ்ச தபால் பைகளும் வெயில்ல வீணாப் போச்சு. 1839-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வோபர்ன் ஊரில், கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்புல பட்டது. உருகி ஓடாம, தோல் மாதிரி இறுகிடுச்சு. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்னு பிடிபட மேலும் சில வருஷம் ஆச்சு. 1844-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைச்சது. இங்கிலாந்துல தாமஸ் ஹான்காக் முந்திக்கிட்டார். 1860-ல், மகளைப் பார்க்கப் போற வழியில நியூயார்க்கில் இறந்தப்போ, குட்இயருக்குச் சுமார் 2 லட்சம் டாலர் கடன்.

அடுப்புல நடந்தது இதுதான்: ரப்பரின் நீளமான மூலக்கூறுகள் இடியாப்ப இழைகள் மாதிரி ஒண்ணோட ஒண்ணு வழுக்கிட்டு கிடக்கும். கந்தகம் அதுங்களுக்கு நடுவுல பாலம் போட்டுச்சு. அதனால இழுத்தா நீளும், விட்டா பழைய நிலைக்கு வரும். ஆனா அந்தப் பாலம் லேசுல பிரியாது. பழைய டயரை உருக்கிப் புது டயர் வார்க்க முடியாம இருக்கிறதுக்குக் காரணமும் அதுதான்.

இப்போ தோல்மேல ஒட்டுற தொடு உணரிகளுக்கும் நீளுற பாலிமர்தான் வேணும். அதுல சிலதுக்கு ஹைட்ரஜன் பிணைப்பு, டைசல்பைடு பிணைப்புனு பிரிஞ்சு மறுபடி சேருற பாலங்களைப் போடுறாங்க. வெட்டின ரெண்டு முனையையும் சேர்த்து வச்சா ஒட்டிக்கும். சிலதைச் சூடாக்கி மறுபடி வார்க்கலாம். டைசல்பைடுல இருக்கிறதும் அதே கந்தகம்தான்.

பிரியாத பாலத்துக்காக அந்த மனுஷன் வாழ்க்கையையே கொடுத்தார். வேணும்போது பிரியுற பாலம் நம்ம தலைமுறையோட வேலை. அடுத்த பிராஜெக்ட்டுக்கு மெட்டீரியல் எடுக்கும்போது, உடைஞ்சா அதை என்ன செய்யலாம்னும் ஒரு வரி எழுதி வைங்க.