கிற்றார் வாசிக்கத் தெரியாத கிற்றார்ச் சிற்பி

சிலாபம் தொடக்கம் கற்பிட்டி வரை நீண்டு கிடக்கும் புத்தளம் மாவட்டக் கரையோரம் இசைக்குப் புதியதன்று. புத்தளத்தை அண்டிய சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளி மக்கள் சிரட்டையையும் கரண்டியையும் போத்தலையும் தட்டித் தாளமெழுப்பித் தமது மஞ்சா பாடல்களைப் பாடிவரும் மரபினர். வாத்தியம் வாங்கப் பணமில்லாதவன் கையில் அகப்பட்டதையே வாத்தியமாக்கிக் கொள்வான் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆயினும் எல்லா வாத்தியங்களையும் சிரட்டையில் செய்துவிட முடியாது. பைலாவும் பொப்பிசையும் இக்கரையோரக் கலியாண வீடுகளை ஆட்கொண்ட காலத்தில் இளைஞர்களின் கண்கள் மின் கிற்றார் மீதே பதிந்திருந்தன.

1960களில் கிளரன்ஸ் விஜேவர்தன சிங்கள மெல்லிசைக்குள் மின் கிற்றாரைக் கொண்டு வந்தார். நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றோர் தமிழ்ப் பொப்பிசையை வீட்டுக்கு வீடு அறிமுகமாக்கினர். வானொலியில் அவ்வோசையைக் கேட்டு மயங்கிய மீனவர் மகனுக்கும் சிறு வியாபாரியின் மகனுக்கும் அவ்வாத்தியம் எட்டாக்கனியாகவே இருந்தது. 1970 முதல் 1977 வரை நிலவிய கடுமையான இறக்குமதிக் கட்டுப்பாடுகள் அதனை மேலும் தொலைவுக்குத் தள்ளின. பின்னர் சந்தை திறந்துவிடப்பட்டது. மலிவான கிற்றார்களும் வந்து சேர்ந்தன. ஆனால் அவை எத்தகையவை?

அன்றைய மலிவுக் கிற்றார்களைத் தொட்டவர்கள் அதனை எளிதில் மறக்கமாட்டார்கள். தந்திகள் கழுத்திலிருந்து வெகு உயரத்தில் நிற்கும். அவற்றை அழுத்துவதற்குள் விரல் நுனி புண்ணாகிவிடும். சுருதி சேர்க்கும் சாவிகள் பிடிமானமின்றி வழுக்கும். ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி கலைந்துவிடும். கழுத்தில் ஸ்வரங்களுக்குரிய உலோகக் கட்டைகள் இடம் பிசகிப் பதிக்கப்பட்டிருந்தால், எவ்வளவு கவனமாக வாசித்தாலும் அபஸ்வரமே கேட்கும். இதில் கொடுமை யாதெனில், குற்றம் வாத்தியத்தில் இருக்க, பிள்ளை தன்னையே நொந்துகொண்டதுதான். தனக்கு இசை வராது என்ற முடிவுக்கு வந்து கிற்றாரை மூலையில் சாத்தியவர்கள் எத்தனை பேரோ!

இன்று நிலைமை வேறு. தொடக்கநிலை மாணவனுக்கென விற்கப்படும் மலிவான மின் கிற்றார்கூட ஒழுங்காகச் சுருதியில் நிற்கிறது. மேடையில் வைத்து வாசிக்கவும் தகுதியுடையதாக இருக்கிறது. இம்மாற்றத்தின் வேரைத் தேடிச் செல்வோமாயின் கலிபோர்னியாவின் தோடந்தோட்டம் ஒன்றில் பிறந்த ஒரு மனிதரிடம் போய்ச் சேருவோம். அவரது பெயர் லியோ ஃபெண்டர்.

1909ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆம் திகதி, அனஹைம், ஃபுல்லர்டன் ஆகிய ஊர்களுக்கு அண்மையில் வாழ்ந்த விவசாயக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். எட்டு வயதில் கட்டி ஒன்றினால் ஒரு கண்ணை இழந்தார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் கண்ணாடிக் கண்ணுடனேயே நடமாடினார். பதின்ம வயதில், மின்கருவிக் கடை வைத்திருந்த உறவினர் ஒருவர் உதிரிப்பாகங்களைக் கொண்டு செய்த வானொலிப் பெட்டி அவரது மனதைக் கவர்ந்தது. எனினும் கல்லூரியில் அவர் பயின்றது கணக்கியலே. கணக்காளராகத் தொழில் பார்த்து வந்தவர், 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் வேலையை இழந்தார். 1938இல் 600 டொலர் கடன் வாங்கி ஃபுல்லர்டனில் வானொலி திருத்தும் கடையொன்றைத் திறந்தார். பின்னாளில் உலகெங்கும் அறியப்பட்ட ஒரு பெயரின் தொடக்கம் இச்சிறு கடைதான்.

அக்கடைக்கு உள்ளூர் இசைக்கலைஞர்கள் பழுதடைந்த ஒலிபெருக்கிகளைக் கொண்டு வந்தனர். அவர்களது மனக்குறைகளையும் லியோ செவிமடுத்தார். அக்காலத்து மின் கிற்றார்கள் பெரும்பாலும் உள்ளே குடைவான உடலைக் கொண்டவை. ஓசையைக் கூட்டினால் ஒலிபெருக்கியின் அதிர்வு கிற்றாரின் உடலிலேயே மோதி ஊளையிடும். குடைவற்ற திண்ம மரத்தில் கிற்றார் செய்தால் இத்தொல்லை நீங்கும் என்பதை வேறு சிலரும் உணர்ந்திருந்தனர். லெஸ் போல், போல் பிக்ஸ்பி ஆகியோர் அவருக்கு முன்னரே அத்தகைய கிற்றார்களைச் செய்து பார்த்துவிட்டனர். ஆகவே இது லியோ தனித்துக் கண்டுபிடித்த ஒன்றன்று. அவரது பெருமை வேறோர் இடத்தில் இருக்கிறது.

மரபுவழிக் கிற்றார் என்பது கைதேர்ந்த தச்சனின் படைப்பு. வளைந்த பலகை, நுணுக்கமான பிணைப்பு, பசையிட்டு ஒட்டிய கழுத்து என யாவும் பல்லாண்டுப் பயிற்சியை வேண்டுபவை. லியோவோ தச்சர் அல்லர், வானொலி திருத்துபவர். பழுதாகும் பாகத்தைக் கழற்றி வேறொன்றைப் பூட்டுவதே அவரது தொழிற்புத்தி. தட்டையான மரப்பலகையை உடலாக்கினார். கழுத்தைத் தனியே செய்து நான்கு திருகாணிகளால் உடலுடன் பூட்டினார். தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றும் காந்தச்சுருள்களையும் அவற்றின் இணைப்புகளையும் திருப்புளி ஒன்றினால் கழற்றிப் பார்க்கக்கூடிய இடத்தில் வைத்தார். சாதாரணத் தொழிலாளர் பகுதி பகுதியாகச் செய்து பூட்டக்கூடிய பண்டமாகக் கிற்றார் மாறியது.

1950இல் சந்தைக்கு வந்த அக்கிற்றார், பெயர் தொடர்பில் வேறொரு நிறுவனம் ஆட்சேபம் தெரிவித்ததை அடுத்து, 1951இல் டெலிகாஸ்டர் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதே ஆண்டில் அவர் வெளியிட்ட பேஸ் கிற்றார், ஆளுயரப் பேஸ் வாத்தியத்தைச் சுமந்து திரிந்த கலைஞர்களின் முதுகுச்சுமையை இறக்கி வைத்தது. 1954இல் ஸ்ட்ரட்டோகாஸ்டர் வந்தது. எமது ஊர்க் கலியாண மேடைகளில் இன்று காணும் கிற்றார்களுள் பெரும்பாலானவற்றின் இரட்டைக் கொம்பு வடிவம் அதிலிருந்தே பிறந்தது.

இத்தனையும் செய்தவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது என்பது வியப்புக்குரிய உண்மை. ஒருவேளை அதுவே அவரது பலமாகவும் அமைந்தது எனலாம். தமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்தவர்களிடம் கேட்டறிய அவர் வெட்கப்படவில்லை. கூரிய விளிம்பு விலாவில் குத்துகிறது எனக் கலைஞர்கள் முறையிட்டபோது, ஸ்ட்ரட்டோகாஸ்டரின் உடலை மனித உடலுக்கேற்ப வளைத்துச் செதுக்கினார். லெபனானிய வம்சாவளியினரான டிக் டேல், சிறுவயதில் தம் உறவினர் ஒருவர் வாசித்த அறபு வாத்தியமான ஊத்தின் விரைந்த மீட்டலைக் கிற்றாருக்குக் கொண்டு வந்தவர். அவரது வாசிப்பின் வேகம் தாங்காது ஒலிபெருக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கருகின. லியோ அவரைக் குறை கூறாது, அவ்வேகத்தைத் தாங்கும் ஒலிபெருக்கியை வடிவமைக்க முனைந்தார். குறை வாசிப்பவனில் இல்லை, கருவியில்தான் என்று எண்ணும் மனம் அவருக்கு வாய்த்திருந்தது.

ஆனால் அக்கிற்றார்கள் அன்று ஏழைகளின் கிற்றார்கள் அல்ல. 1954இல் ஸ்ட்ரட்டோகாஸ்டர் ஒன்றின் விலை 249.50 டொலர். இன்றைய மதிப்பில் அது 2,800 டொலருக்கும் அதிகமாகும். வசதி குறைந்தோருக்கு வேறு நிறுவனங்களின் மலிவுக் கிற்றார்களே கிடைத்தன. தரத்தையும் மலிவையும் ஒருசேரக் கொண்ட கிற்றார் பிறக்க மேலும் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

இடையில் ஒரு வீழ்ச்சியும் நேர்ந்தது. நோயினால் நலிந்து, தமது நாட்கள் எண்ணப்படுகின்றன என எண்ணிய லியோ, 1965 ஜனவரியில் தமது நிறுவனத்தை சி.பி.எஸ். என்ற பெரு நிறுவனத்துக்கு 1 கோடி 30 இலட்சம் டொலருக்கு விற்றுவிட்டார். நோய் பின்னர் குணமாயிற்று. நிறுவனமோ கைவிட்டுப் போயிற்று. 1970களில் அப்பெயரில் வெளிவந்த கிற்றார்கள் பலவற்றில் கழுத்து உடலுடன் சரிவரப் பொருந்தவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. அதே வேளையில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் பழைய ஃபெண்டர் கிற்றார்களை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்து, அவற்றைப் போன்றவற்றைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கின. விலை கூடியது தரம் குறைய, விலை குறைந்தது தரம் கூடியது. தரத்தைத் தீர்மானிப்பது விலைச்சீட்டு அன்று, செய்பவனின் கவனமே என்ற பாடத்தை இது உலகுக்குக் கற்பித்தது.

வெல்ல முடியாத போட்டியாளனுடன் கைகோர்ப்பதே மதியென்று கண்ட ஃபெண்டர் நிறுவனம், 1982இல் ஜப்பானிலேயே உற்பத்தியை ஆரம்பித்தது. ஸ்குவையர் என்ற மலிவு வரிசை அங்கிருந்தே புறப்பட்டது. அன்று சிக்கன விலைக்கு விற்கப்பட்ட முதல் ஸ்குவையர் கிற்றார்களை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகின்றனர். 1985இல் சி.பி.எஸ். நிறுவனம் கைவிட, நிர்வாகிகளும் முதலீட்டாளர்களும் சேர்ந்து ஃபெண்டர் நிறுவனத்தை வாங்கினர். மலிவுக் கிற்றார்களின் உற்பத்தி காலப்போக்கில் கொரியா, சீனா, இந்தோனேசியா என நகர்ந்தது. கணினியால் இயக்கப்படும் செதுக்கு இயந்திரங்கள் வந்தபின், ஆயிரமாவது கழுத்தும் முதலாவது கழுத்தைப் போன்றே ஒரு மில்லிமீற்றரின் சிறு பகுதியளவும் பிசகாமல் வெட்டப்பட்டது. ஸ்வரக் கட்டைகளின் இடம் தவறுவது அரிதாயிற்று.

இவ்வியந்திரங்களுக்கு லியோவின் வடிவம் இயல்பாகவே பொருந்தியது. தட்டைப் பலகை, தனிக் கழுத்து, திருகாணிப் பூட்டு எனப் பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்ட பண்டத்தை இயந்திரத்திடம் ஒப்படைப்பது எளிது. இன்று ஸ்குவையர் வரிசையின் தொடக்கநிலைக் கிற்றார் வெளிநாட்டுச் சந்தையில் 200 முதல் 250 டொலருக்குள் கிடைக்கிறது. வாங்கும் சக்தியைக் கொண்டு பார்த்தால் 1954ஆம் ஆண்டு விலையின் பத்தில் ஒரு பங்கிலும் குறைவு. எமது நாட்டில் நாணய மதிப்பும் வரியும் அவ்விலையை உயர்த்திவிடுகின்றன என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. அத்தோடு, இந்தோனேசியாவிலும் சீனாவிலும் உழைக்கும் தொழிலாளரின் குறைந்த கூலியும் அம்மலிவில் அடங்கியிருக்கிறது.

லியோ ஓய்ந்திருக்கவில்லை. 1970களில் மியூசிக் மேன் நிறுவனத்துக்காகவும், பின்னர் நண்பர்களுடன் தொடங்கிய ஜி அண்ட் எல் நிறுவனத்துக்காகவும் புதிய கிற்றார்களை வடிவமைத்தார். பார்க்கின்சன் நோய் உடலைத் தளர்த்திய பின்னரும் தொழிற்கூடத்துக்குச் செல்வதை நிறுத்தவில்லை. 1991 மார்ச் 21ஆம் திகதி தமது 81ஆவது வயதில் காலமானார். மறு ஆண்டே அமெரிக்காவின் ரொக் இசைப் புகழ்மண்டபத்தில் அவரது பெயர் சேர்க்கப்பட்டது. வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு வாசிப்பவர்களின் சபையில் கிடைத்த ஆசனம் அது.

எமது கரையோரத்துக்கு அவரது வாழ்வில் ஒரு பாடம் உண்டு. புத்தளம் உப்பு விளையும் பூமி. அவ்வுப்புக்காற்று தந்திகளைத் துருப்பிடிக்கச் செய்யும். மின் இணைப்புகளை அரிக்கும். மலிவுக் கிற்றார் எவ்வளவு திருந்திவிட்டாலும், பெட்டியிலிருந்து எடுத்த உடனேயே அது முழுமை பெற்றுவிடுவதில்லை. தந்தியின் உயரத்தைச் சீர்செய்ய வேண்டும். வாசித்து முடித்ததும் தந்திகளைத் துடைத்து வைக்க வேண்டும். இவற்றுக்குப் பெருநகரக் கடைகளைத் தேடி ஓட வேண்டியதில்லை. ஒரு திருப்புளியும் சிறிது பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். வானொலி திருத்திய அம்மனிதர் அதற்கேற்பவே அதனைப் படைத்துவிட்டுச் சென்றார்.

ஆகவே, மகனோ மகளோ வாத்தியமொன்றுடன் மல்லாடுவதைக் காணும் பெற்றோரும் ஆசிரியரும், பிள்ளைக்கு இசை வராது எனத் தீர்ப்பு வழங்குமுன் அவ்வாத்தியத்தை ஒருமுறை சோதித்துப் பார்க்கட்டும். குறை பிள்ளையில் இல்லாதிருக்கலாம்.