இயன் டொனால்ட்

இயன் டொனால்ட் (டிசம்பர் 27, 1910 - ஜூன் 19, 1987) பிரித்தானிய மகப்பேறு மருத்துவர் ஆவார். மனித உடலின் உட்பகுதிகளை மீயொலி கொண்டு காணும் முறையை மருத்துவப் பயன்பாட்டுக்குக் கொண்டு வந்த முன்னோடிகளுள் ஒருவர். கருவில் உள்ள குழந்தையை ஆராயவே இம்முறை பெரிதும் அறியப்பட்டது எனினும், விபத்தில் காயமுற்றோரின் உள் இரத்தக்கசிவைப் படுக்கையருகிலேயே கண்டறியும் இன்றைய அவசர மருத்துவ முறைக்கும் அவரது பணி அடிப்படையாக அமைந்தது.

இளமையும் கல்வியும்

டொனால்ட் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள லிஸ்கர்ட் என்னும் ஊரில் பிறந்தார். அவரது தந்தை ஸ்காட்லாந்து மரபைச் சேர்ந்த மருத்துவர். தாயார் பியானோ இசைக் கலைஞர். தந்தையின் உடல்நலக் குறைவு காரணமாகக் குடும்பம் தென்னாப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கு 1927இல் சில மாத இடைவெளியில் பெற்றோர் இருவரையும் அவர் இழந்தார். கேப்டவுனில் பட்டப்படிப்பை முடித்தபின் லண்டனுக்குத் திரும்பி, புனித தாமஸ் மருத்துவமனைக் கல்லூரியில் பயின்று 1937இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

போர்க்காலப் பணி

இரண்டாம் உலகப் போரின் போது டொனால்ட் பிரித்தானிய வான்படையில் மருத்துவ அலுவலராகப் பணியாற்றினார். தீப்பற்றி எரிந்த விமானம் ஒன்றில் சிக்கியிருந்த வீரர்களைக் காப்பாற்றியமைக்காக அவருக்கு எம்.பி.ஈ. விருது வழங்கப்பட்டது. போர்க்காலத்தில் ராடார், சோனார் போன்ற எதிரொலிப்புக் கருவிகளில் அவருக்கு ஏற்பட்ட ஆர்வமே பிற்கால ஆய்வுகளுக்கு வித்திட்டது.

மீயொலி ஆய்வுகள்

டொனால்ட் 1954இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அக்காலத்தில் கிளைட் ஆற்றங்கரைத் தொழிற்சாலைகளில் உலோகத்தினுள் மறைந்திருக்கும் வெடிப்புகளைக் கண்டறிய மீயொலிக் கருவிகள் பயன்படுத்தப்பட்டு வந்தன. மனிதக் காது கேட்க இயலாத அளவு அதிர்வெண் மிகுந்த ஒலியே மீயொலி எனப்படுகிறது. இருவேறு பொருட்கள் சந்திக்கும் எல்லையில் இவ்வொலியின் ஒரு பகுதி எதிரொலியாகத் திரும்புகிறது. திரும்பி வர எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு அந்த எல்லையின் ஆழத்தைக் கணக்கிடலாம். உடலின் மென்திசுக்களில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் வேகத்தில் செல்கிறது.

1955 ஜூலையில் டொனால்ட், அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளைத் தம் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கொதிகலன் தொழிற்சாலைக்குச் சென்றார். அங்கிருந்த கருவியால் சோதித்தபோது, நீர் நிறைந்த கட்டியும் திண்மமான தசைநார்க் கட்டியும் வெவ்வேறு வகை எதிரொலிகளைத் தருவது தெளிவாகியது. பின்னர் கெல்வின் அண்ட் ஹியூஸ் நிறுவனத்தின் இளம் பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் ஜான் மக்விக்கர் ஆகியோருடன் இணைந்து, நோயாளியின் வயிற்றின் மீது நகர்த்தி இருபரிமாணப் படம் பெறக்கூடிய கருவியை உருவாக்கினார்.

தொடக்கத்தில் சக மருத்துவர்கள் பலர் இம்முயற்சியை ஐயத்துடன் நோக்கினர். இந்நிலையை மாற்றியது ஒரு நோயாளியின் கதை. வயிறு வீங்கியிருந்த ஒரு பெண்ணுக்கு, அறுவைச் சிகிச்சையால் பயனில்லாத அளவு முற்றிய இரைப்பைப் புற்றுநோயும் அதனால் மகோதரமும் ஏற்பட்டிருப்பதாகக் கருதப்பட்டது. மீயொலிச் சோதனையிலோ அது பெரிய நீர்க்கட்டி எனத் தெரிந்தது. அறுவைச் சிகிச்சையில் சூலகக் கட்டி அகற்றப்பட்டு அப்பெண் உயிர் பிழைத்தார்.

இக்குழுவின் ஆய்வுக்கட்டுரை லான்செட் இதழில் 1958 ஜூன் 7 அன்று வெளியானது. அதன்பின் கருவின் தலையை அளத்தல், தொடக்க நிலைக் கர்ப்பத்தைக் கண்டறிதல் முதலிய பயன்பாடுகள் வளர்ந்தன.

அவசர மருத்துவத்தில் மீயொலியும் சி.டி. ஸ்கேனும்

மகோதர நீரையும் கட்டியில் அடங்கிய நீரையும் வேறுபடுத்திக் காட்டிய அதே இயல்பே விபத்து மருத்துவத்திலும் பயன்படுகிறது. கசிந்து தேங்கிய இரத்தம் எதிரொலியைப் பெரும்பாலும் தருவதில்லை. ஆதலால் அது படத்தில் கரும்பட்டையாகத் தோன்றும். கல்லீரலுக்கும் வலச் சிறுநீரகத்துக்கும் இடையிலும், மண்ணீரலைச் சுற்றியும், இடுப்புக்குழியிலும், இதயச் சுற்றுப்பையிலும் இவ்வாறு இரத்தம் தேங்கியுள்ளதா எனப் பார்க்கும் சோதனை ஃபாஸ்ட் எனப்படுகிறது. இப்பெயர் 1990களில் நிலைபெற்றது. அதற்கு முன்னர், 1965 முதல், வயிற்றினுள் குழாய் செலுத்திக் கழுவிப் பார்க்கும் முறையே பெரிதும் பின்பற்றப்பட்டது.

காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவி, 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதன்முதலாக நோயாளி ஒருவரின் மூளையைப் படமெடுத்தது. எக்ஸ்-கதிர்களைப் பயன்படுத்தும் இக்கருவி எந்த உறுப்பு, எவ்வளவு சிதைந்துள்ளது என்பதை மீயொலியை விட மிகத் துல்லியமாகக் காட்டும். ஆயினும் நோயாளியைக் கருவி உள்ள அறைக்குக் கொண்டு செல்ல வேண்டும், கதிர்வீச்சும் உண்டு. இரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு அவ்விடமாற்றமே உயிருக்கு ஆபத்தாகலாம்.

எனவே இவ்விரு முறைகளும் ஒன்றுக்கொன்று மாற்றாக அன்றி, நோயாளியின் நிலையைப் பொறுத்துத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. நிலைகுலைந்த நோயாளியின் வயிற்றில் மீயொலி இரத்தத்தைக் காட்டினால், பொதுவாக அவர் நேராக அறுவை அரங்குக்குக் கொண்டு செல்லப்படுவார். நிலை சீராக உள்ளவருக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்படும். மீயொலியில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் காயமே இல்லை என முடிவு செய்ய இயலாது. சிறிதளவு இரத்தம், குடலில் ஏற்பட்ட துளை, வயிற்றுறைக்குப் பின்புறக் கசிவு, இரத்தம் வெளிவராத உறுப்புச் சிதைவு ஆகியவை அதற்குத் தப்பிவிடக்கூடும். சோதிப்பவரின் திறமையும் முடிவைப் பாதிக்கும்.

பிற்காலமும் மறைவும்

கிளாஸ்கோவில் 1964இல் திறக்கப்பட்ட குயின் மதர்ஸ் மகப்பேறு மருத்துவமனை டொனால்டின் முயற்சியால் உருவானது. இதய வால்வு நோயால் பாதிக்கப்பட்டிருந்த அவர், பலமுறை இதய அறுவைச் சிகிச்சைக்கு உள்ளாகியும் பணியைத் தொடர்ந்தார். கிறித்தவ சமயப் பற்றுடைய அவர் 1967ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தார். 1973இல் சி.பி.ஈ. விருது பெற்றார். 1976இல் ஓய்வு பெற்ற அவர், எசெக்ஸ் மாவட்டத்தின் பேகில்ஷாம் சிற்றூரில் 1987இல் காலமானார்.

அவர் காலத்தில் சக்கரங்களில் தள்ளிச் செல்ல வேண்டியிருந்த பெரும் கருவி இன்று சட்டைப்பையில் அடங்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. மருத்துவ ஊர்திகளிலும் போர்க்களங்களிலும்கூட அது பயன்படுத்தப்படுகிறது.