வில்பர்போர்ஸ் போட்ட ஓட்டுகள்

வியாபாரச் சகோதரர்களே! நாம் தினந்தோறும் நிறுத்துக் கொடுக்கும் சரக்குகளில் ஒன்று சீனி. அது எந்தக் கிட்டங்கியிலிருந்து வந்தது, என்ன விலைக்கு வந்தது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். கரும்பு வெட்டியவன் யார், அவனுக்குக் கூலி கிடைத்ததா என்று நாம் கேட்பதில்லை. இந்தக் கேள்வியை இருநூறு வருஷங்களுக்கு முன்பே இங்கிலாந்துப் பார்லிமெண்டில் ஒரு மெம்பர் கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. ஏறத்தாழ இருபது வருஷ காலம் மசோதா கொண்டு வருவதும், ஓட்டில் தோற்பதும், மறுபடி கொண்டு வருவதுமாக இருந்து, கடைசியில் ஜெயித்தார். அவர் பெயர் வில்லியம் வில்பர்போர்ஸ். நாம் படித்தது மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும்தான். ஆனாலும் வரவு செலவு பார்க்கத் தெரியும். ஆகையால் அவருடைய சரித்திரத்தை அவர் பேசிய பேச்சுகளைக் கொண்டு அல்லாமல், சபையில் விழுந்த ஓட்டுகளைக் கொண்டே எழுதுகிறோம்.

அவர் 1759-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 24-ந் தேதி ஹல் என்ற துறைமுகப் பட்டணத்தில் பிறந்தார். வியாபாரக் குடும்பம். பாட்டனார் பால்டிக் கடல் தேசங்களோடு வியாபாரம் செய்து பெரும் பொருள் தேடியவர். ஒன்பது வயது நிறையுமுன் தகப்பனாரை இழந்தார். கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில் வில்லியம் பிட் என்பவருடைய சிநேகம் கிடைத்தது. அந்தப் பிட்தான் பின்னால் இருபத்துநாலு வயதிலேயே பிரதம மந்திரியானவர்.

1780-ல், இருபத்தொரு வயதில், வில்பர்போர்ஸ் ஹல் தொகுதியின் மெம்பரானார். அந்தத் தேர்தலுக்கு அவர் செலவழித்தது எட்டாயிரம் பவுனுக்கு மேல். ஓட்டுப் போடுகிறவர்களுக்குப் பணமும் விருந்தும் கொடுப்பது அந்நாளைய வழக்கம், அவரும் கொடுத்தார். 1784-ல் யார்க்ஷயர் மாகாணத்தின் மெம்பரானார். இரவெல்லாம் விருந்து, சீட்டாட்டம், வேடிக்கைப் பேச்சு என்று நாள் போயிற்று.

1785-ல் அவர் மனம் மாறிற்று. தம் மார்க்கத்தில் தீவிர பக்தி உண்டாகி, அரசியலையே விட்டுவிடலாம் என்று நினைத்தார். அப்போது யோசனை கேட்கப் போன இடம் ஜான் நியூட்டன் என்ற பாதிரியாரின் வீடு. அந்தப் பாதிரியார் வாலிபத்தில் அடிமைக் கப்பலின் தலைவராக இருந்தவர். சபையை விட்டுப் போக வேண்டாம், அங்கே இருந்தே ஊழியம் செய்யலாம் என்று அவர் சொன்ன புத்தியை வில்பர்போர்ஸ் ஏற்றுக் கொண்டார்.

அடிமை வியாபாரம் எப்படி நடந்தது என்பதை வியாபாரிகளான நாம் சுலபமாக விளங்கிக் கொள்ளலாம். லிவர்பூல், பிரிஸ்டல், லண்டன் துறைகளிலிருந்து துணி, துப்பாக்கி, பித்தளைச் சாமான் ஏற்றிக்கொண்டு கப்பல் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும். நம் சோழமண்டலக் கரையில் நெய்து சாயம் தோய்த்த துணியும் ஐரோப்பியர் கைக்குப் போய் அந்தச் சரக்கில் சேர்ந்திருந்தது. ஆப்பிரிக்காவில் சரக்கைக் கொடுத்து மனிதரை வாங்குவார்கள். அவர்களைச் சங்கிலியிட்டு ஜமைக்கா, பார்படோஸ் முதலிய தீவுகளில் கொண்டு போய் விற்பார்கள். திரும்பி வரும்போது கப்பலில் சீனியும் ரம்மும் நிறைந்திருக்கும். மூன்று திசையிலும் லாபம். புரூக்ஸ் என்ற ஒரு கப்பலில் 609 பேரை அடைத்துக் கொண்டு போனதாகக் கணக்கு இருந்தது. 1788-ல் கப்பலின் அளவுக்குத் தக்கபடிதான் ஆள் ஏற்றலாம் என்று சட்டம் வந்தபின் அதே கப்பலுக்கு 454 பேர் என்று அளவு வைத்தார்கள். அந்த 454 பேருக்கும் புரண்டு படுக்க இடமில்லை.

1787-ல் லண்டனில் ஒரு கமிட்டி கூடியது. தாமஸ் கிளார்க்சன் என்பவர் துறைமுகம் துறைமுகமாகப் போய் மாலுமிகளையும் வைத்தியர்களையும் விசாரித்துச் சாட்சியம் திரட்டினார். சபையில் விஷயத்தை எடுத்துப் பேசும் வேலை வில்பர்போர்ஸுக்கு. 1789 மே 12-ந் தேதி மூன்றரை மணி நேரம் பேசினார். கப்பல்காரரும் தோட்டக்காரரும் சும்மா இருப்பார்களா? துறைமுகங்கள் பாழாகும், நாம் விட்டால் பிரெஞ்சுக்காரன் பிடித்துக் கொள்வான் என்றார்கள். இன்னும் சாட்சியம் கேட்க வேண்டும் என்று சொல்லி இரண்டு வருஷத்தைக் கடத்தினார்கள்.

இனி ஓட்டுக் கணக்கைப் பார்ப்போம். 1791 ஏப்ரலில் முதல் ஓட்டு. அவர் பக்கம் 88, எதிர்ப்பக்கம் 163. தோல்வி.

அதன்பின் ஜனங்கள் கிளம்பினார்கள். அடிமைகள் விளைவித்த சீனி வேண்டாம் என்று வீடு வீடாக நிறுத்தினார்கள். மூன்று லட்சம் பேர் அப்படி விட்டதாகக் கிளார்க்சன் மதிப்பிட்டார். 1792-ல் சபைக்கு 519 மனுக்கள் வந்து குவிந்தன. நிலைமை கைக்கு வந்துவிட்டது என்று எண்ணும் சமயத்தில் ஹென்றி டண்டாஸ் என்ற மந்திரி எழுந்து, வியாபாரத்தை ஒழிக்கலாம், ஆனால் படிப்படியாக ஒழிக்கலாம் என்று ஒரு வார்த்தையை நுழைத்தார். 230-க்கு 85 என்று அது நிறைவேறிற்று. கடன்காரனிடம் போனால் இல்லை என்று சொல்வதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன் என்பான். அது எப்படிப்பட்ட கடன் என்று நமக்குத் தெரியும். பிரபுக்கள் சபை அந்தப் படிப்படியையும் கிடப்பில் போட்டுவிட்டது.

1793-ல் எட்டு ஓட்டில் தோல்வி. 1795-ல் மறுபடியும் தோல்வி. 1796 மார்ச் மாதம் நடந்ததுதான் நம் மனத்தை உறுத்துவது. அந்த வருஷம் மசோதா முதல் இரண்டு கட்டங்களையும் தாண்டி மூன்றாம் வாசிப்புக்கு வந்தது. 70 பேர் ஆதரவு, 74 பேர் எதிர்ப்பு. நாலு ஓட்டில் போயிற்று. அவருடைய ஆதரவாளர்களில் பத்துப் பன்னிரண்டு பேர் அன்று சபையில் இல்லை. சிலர் கிராமத்து மாளிகைக்குப் போயிருந்தார்கள். சிலர் புதிதாக வந்த ஒரு ஹாஸ்ய நாடகம் பார்க்கப் போயிருந்தார்கள். அவர்கள் யாரும் அடிமை வியாபாரத்துக்கு நண்பர்கள் அல்ல. கேட்டால் நியாயம் உங்கள் பக்கம்தான் என்றே சொல்லியிருப்பார்கள். ஒரு சாயங்கால வேடிக்கைக்காக அவர்கள் வராமற் போனதால் கப்பல்கள் இன்னும் பதினொரு வருஷம் ஓடின.

இதை எழுதும்போது நமக்கே வெட்கமாக இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் நாம் அங்கத்தினராயிருந்த ஒரு கூட்டத்தில், பிள்ளைகளுடைய மாலை வகுப்பை நிறுத்துவதா வேண்டாமா என்று ஓட்டெடுப்பு நடந்தது. கடையில் ஆள் இல்லை என்று நாம் போகவில்லை. உண்மையில் அன்று வியாபாரமும் இல்லை, சோம்பல்தான். மூன்று ஓட்டில் வகுப்பு நின்றது. நாமும் நம்மைப் போன்ற இரண்டு மூன்று பேரும் போயிருந்தால் நின்றிராது. அப்புறம் கடை வாசலில் உட்கார்ந்து கமிட்டியைக் குறை சொன்னோம். அதனால் ஒரு பிள்ளைக்காவது எழுத்து வந்ததா?

வில்பர்போர்ஸ் அந்தத் தோல்வியில் நோயாளியானார். சிறிய சரீரம், பலவீனமான கண்பார்வை, தீராத வயிற்று நோய். ஆயினும் 1797, 1798, 1799 என்று வருஷம் தவறாமல் கொண்டு வந்தார். 1798-ல் 83-க்கு 87. மறுபடியும் நாலு ஓட்டு. 1804-ல் கீழ்ச்சபையில் ஜெயித்தும் பிரபுக்கள் சபையில் நின்றுபோயிற்று. 1805-ல் 70-க்கு 77 என்று தோற்றது.

அதே 1805-ல் வேறொரு ஓட்டையும் சொல்ல வேண்டும். கடற்படைப் பொக்கிஷதாராக டண்டாஸ் இருந்த காலத்தில், அவருக்குக் கீழே இருந்த ஒருவர் சர்க்கார் பணத்தைத் தம் சொந்தக் கணக்கில் போட்டு லாபம் எடுத்தார் என்று விசாரணையில் வெளிவந்தது. டண்டாஸ் அப்போது மெல்வில் பிரபு. பிரதம மந்திரி பிட்டின் வலது கை. பிட்டோ வில்பர்போர்ஸின் உயிர்ச் சிநேகிதர். சிநேகிதருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே வில்பர்போர்ஸ் எழுந்து மெல்வில் பிரபுவுக்கு விரோதமாகப் பேசி விரோதமாகவே ஓட்டும் போட்டார். 216-க்கு 216 என்று சரிசமமாகி, சபாநாயகர் ஓட்டினால் கண்டனம் நிறைவேறிற்று. மறு வருஷம் பிரபுக்கள் சபை விசாரித்து மெல்வில் குற்றவாளி அல்ல என்று தீர்த்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பொதுப்பணம் என்பது அமானத்து. அதிலே தாட்சண்யம் கூடாது என்று வில்பர்போர்ஸ் நின்ற நிலை நியாயமானது. பள்ளிவாசல் பணமும் சங்கப் பணமும் கையில் வைத்திருக்கும் நமக்கு இது அந்நிய தேசத்துக் கதை அல்ல.

1806 ஜனவரியில் பிட் காலமானார். புதிதாக வந்த கிரென்வில் மந்திரிசபை அடிமை வியாபாரத்துக்கு விரோதமானது. அந்த வருஷமே, அந்நிய நாட்டுக் குடியேற்றங்களுக்கு அடிமைகளைக் கொண்டு போவதை முதலில் தடுத்தார்கள். 1807-ல் மசோதா பிரபுக்கள் சபையில் ஜெயித்து, பிப்ரவரி 23-ந் தேதி கீழ்ச்சபைக்கு ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 283, எதிர்ப்பு 16. சபை முழுதும் அவரைப் புகழ்ந்தபோது அவர் தலைகுனிந்து அழுதார். மார்ச் 25-ல் சட்டமாயிற்று. பிடிபட்ட ஒவ்வோர் அடிமைக்கும் நூறு பவுன் அபராதம். கவனியுங்கள்: 88 என்பது 283 ஆவதற்குப் பதினாறு வருஷம் பிடித்தது. நியாயம் அன்றும் அதேதான், இன்றும் அதேதான். மாறியது ஆட்களின் எண்ணிக்கை.

ஐந்தொகை எடுக்கும்போது வரவை மட்டும் எழுதிப் பற்றை மறைப்பது நாணயமல்ல. வில்பர்போர்ஸின் பற்றையும் எழுதுகிறோம். 1795-ல் ஜனங்கள் கூட்டம் கூடுவதைத் தடுக்கும் சட்டத்தை ஆதரித்தார். 1799-ல் தொழிலாளர் சங்கம் சேரக் கூடாது என்ற சட்டத்தையும் ஆதரித்தார். தூரத்து ஆப்பிரிக்கன் பட்ட துன்பம் தெரிந்த கண்ணுக்குத் தம் ஊர் நெசவாளியின் வயிறு அவ்வளவாகத் தெரியவில்லை. 1813-ல் இந்தியாவுக்குப் பாதிரிமார் தாராளமாகப் போக வழி செய்யக் கம்பெனிச் சாசனத்தில் ஷரத்துச் சேர்க்கப் பாடுபட்டார். அப்போது இந்திய ஜனங்களின் மதத்தையும் நடத்தையையும் மிகவும் தாழ்த்திப் பேசினார். அதே சமயம் கத்தோலிக்கருக்குப் பார்லிமெண்டில் இடம் கொடுக்க வேண்டும் என்று, தம் பழைய எண்ணத்தை மாற்றிக்கொண்டு ஓட்டுப் போட்டவரும் அவரே.

நாமும் நம்மைப் பற்றிப் பெருமை பேச இடமில்லை. அடிமையை உரிமை விடுவது பெரிய நன்மை என்று மதரஸாவில் நமக்கு ஓதிக் கொடுத்தார்கள். ஆயினும் முஸ்லிம் தேசங்களிலும் அடிமைச் சந்தை நெடுங்காலம் இருந்தது. சவூதி அரேபியாவில் சட்டப்படி ஒழிந்தது 1962-ல்தான்.

1807-ல் நின்றது அடிமை வியாபாரம் மட்டும். ஏற்கெனவே தீவுகளில் இருந்தவர்கள் அடிமைகளாகவே இருந்தார்கள். அவர்களை விடுவிக்கும் வேலையை வில்பர்போர்ஸ் வயதான காலத்தில் பக்ஸ்டன் என்ற இளைய மெம்பரிடம் ஒப்படைத்துவிட்டு, 1825-ல் சபையை விட்டு விலகினார். நாற்பத்தைந்து வருஷத்தில் ஒரு நாளும் அவர் மந்திரிப் பதவி வகிக்கவில்லை.

லண்டனுக்கு வடக்கே ஹெண்டன் பகுதியில் அவர் நிலம் வாங்கிக் குடிபோனார். பக்கத்து நிலத்துக்காரர் யார் தெரியுமா? நம் சிங்கப்பூர் ராபிள்ஸ்தான். 1823-ல் சிங்கப்பூரில் அடிமை வியாபாரத்தைத் தடுத்துச் சட்டம் போட்டவர் அவர். ஆனால் இருவரும் பக்கத்தில் வாழ்ந்தது சில நாட்களே. 1826 ஜூலை 5-ல் ராபிள்ஸ் காலமானார்.

கடைசிக் காலத்தில் வில்பர்போர்ஸின் மூத்த மகன் பால் பண்ணை வியாபாரத்தில் பெரும் நஷ்டப்பட்டார். தகப்பனார் அந்த நஷ்டத்தைத் தாமே ஏற்று, வீட்டை விட்டு, மற்றப் பிள்ளைகளின் வீடுகளில் மாறி மாறி இருந்தார். 1833 ஜூலை 26-ல் அடிமை ஒழிப்பு மசோதா நிறைவேறுவது நிச்சயம் என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியது. 29-ந் தேதி காலமானார். பிட்டின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்தார்கள்.

அந்தச் சட்டத்திலும் குறை இருந்தது. நஷ்ட ஈடாகக் கொடுத்த இரண்டு கோடி பவுனும் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கே போயிற்று. அடிமைக்கு ஒரு காசும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ராஜ்யத்துக்கு அது செல்லாது என்று ஒதுக்கினார்கள். பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் அன்று கம்பெனியின் கையில்தான் இருந்தன. கம்பெனி ராஜ்யத்துக்கு 1843-ல்தான் தனிச் சட்டம் வந்தது. அடிமை போன இடத்துக்கு ஒப்பந்தக் கூலி வந்தான். மொரீஷியஸுக்கும் பின்னர் வெல்லெஸ்லிக் கரும்புத் தோட்டங்களுக்கும் வந்தவர்களில் நம் தமிழ் மக்களே பலர்.

ஆகவே சகோதரர்களே, இரண்டு காரியம் மனத்தில் வைப்போம். மலிவாக ஒரு சரக்கு வந்தால், எப்படி மலிவாயிற்று என்று ஒரு வார்த்தை கேட்போம். கூட்டத்துக்கு அறிக்கை வந்தால், கடையைப் பையனிடம் விட்டாவது போய் உட்காருவோம். நாலு ஓட்டு என்பது நாலு நாற்காலி. அதிலே ஒன்று நம்முடையதாக இருக்கலாம்.