கணிப்பு சரி, கடன் தவறு

துணைப்பாடம் சொல்லிக்கொடுத்து ஈராண்டில் 3,000 வெள்ளி சேர்த்திருக்கிறேன். என் வகுப்பில் பலர் கைப்பேசிச் செயலி வழியாக அமெரிக்கப் பங்குகளை வாங்குகிறார்கள். சேமிப்போடு கொஞ்சம் கடனும் சேர்த்துப் போட்டால் லாபம் இரட்டிப்பாகும் என்று நண்பன் ஒருவன் சொன்னபோது எனக்கும் ஆசை வந்தது. அதே வாரம், பொருளியல் பாடத்திற்காக ஜான் மேனார்ட் கெய்ன்ஸின் வாழ்க்கையைப் படிக்க நேர்ந்தது.

மந்தக் காலத்தில் அரசாங்கம் செலவு செய்ய வேண்டும் என்று வாதிட்ட மேதையாகத்தான் அவரை எனக்குத் தெரியும். வெளிநாட்டு முதலீட்டில் அவர் கையைச் சுட்டுக்கொண்ட கதை எனக்குப் புதிது.

கெய்ன்ஸ் 1883ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். 1906ல் லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த அலுவலகத்தில் சேர்ந்தார். 1913ல் வெளிவந்த அவரது முதல் நூல் இந்திய நாணயத்தைப் பற்றியது. முதல் உலகப் போரின்போது நிதியமைச்சில் பணியாற்றினார். போருக்குப்பின் ஜெர்மனி மீது சுமத்தப்பட்ட இழப்பீடு தாங்க முடியாதது எனக் கருதி, 1919ல் பதவி விலகினார்.

அதே ஆண்டு நாணய வணிகத்தில் இறங்கினார். ஜெர்மனியின் மார்க் சரியும், அமெரிக்க டாலர் உயரும் என்பது அவர் கணிப்பு. கையிலிருந்ததைவிடப் பன்மடங்கு பெரிய தொகைக்குப் பந்தயம் கட்டினார். 1920 மே மாதம் மார்க் சிறிது காலம் ஏறியது. அதுவே போதுமானதாக இருந்தது. அவர் பணத்தோடு, அவரை நம்பிய நண்பர்களின் பணமும் கரைந்தது. செல்வந்தர் ஒருவர் கொடுத்த 5,000 பவுண்டு கடன்தான் அவரை மீட்டது. 1923ல் மார்க் வெறும் காகிதமானது. அவர் கணிப்பு பலித்தது. ஆனால் அதுவரை காத்திருக்கக் கடன் அவரை விடவில்லை.

1924ல் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி நிதிப் பொறுப்பை ஏற்றார். 1929ல் மீண்டும் பலத்த அடி விழுந்தது. அதன்பின் அவர் வழியை மாற்றினார். சந்தை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று ஊகிப்பதைக் குறைத்து, தமக்குப் புரிந்த சில நிறுவனங்களின் பங்குகளை வாங்கிப் பல ஆண்டுகள் வைத்திருந்தார். வீழ்ச்சிக்குப்பின் மலிவாகக் கிடைத்த அமெரிக்கப் பங்குகள் அவரை ஈர்த்தன. 1931லும் 1934லும் அமெரிக்கா சென்று நிலைமையை நேரில் கண்டார்.

அப்படியும் 1937ல் அமெரிக்கச் சந்தை சரிந்தபோது அவருக்குப் பெருநட்டம். அப்போதும் சொந்தக் கணக்கில் கடன் இருந்தது. அதே ஆண்டு இதய நோயும் தாக்கியது. எனினும் கல்லூரி நிதியில் நல்ல பங்குகளை விற்காமல் பொறுத்திருந்தார். 1946ல் அவர் மறைந்தபோது, ஒருகாலத்தில் சுமார் 30,000 பவுண்டாக இருந்த அந்த நிதி சுமார் 380,000 பவுண்டாக வளர்ந்திருந்தது.

இதைப் படித்தபின் எனக்கு ஒன்று உறைத்தது. வெளிநாட்டுப் பங்கு வாங்குபவர் ஒரே நேரத்தில் இரண்டை வாங்குகிறார்: ஒரு நிறுவனத்தை, ஒரு நாணயத்தை. பங்கு 10 விழுக்காடு ஏறினாலும், அமெரிக்க டாலர் நம் வெள்ளிக்கு எதிராக அதே அளவு இறங்கினால் லாபம் மிஞ்சாது. அந்த இறக்கத்தைக் காத்திருந்து கடக்கலாம். கடன் வாங்கியவருக்கு அந்த அவகாசம் இல்லை.

நண்பனிடம் கடன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஆண்டுக் கட்டணத்திற்கான 2,000 வெள்ளியை வங்கியிலேயே விட்டுவிட்டேன். மீதி 1,000 வெள்ளியில் பங்கு வாங்கப் போகிறேன். முதலில் அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படித்து முடிக்க வேண்டும்.