புழு குளவியாகுமா? விடை கண்ட ஏழை வாத்தியார்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில் வீட்டுக் கொல்லையில் எலுமிச்சையோ கறிவேப்பிலையோ வளர்ப்பவர்களுக்குப் பழக்கமான காட்சி இது. வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து தளிரில் முட்டையிட்டுப் போகும். சில நாட்களில், பறவை எச்சம் போன்ற சின்னஞ்சிறு புழுக்கள் தென்படும். குழந்தைகள் தினமும் எண்ணிப் பார்ப்பார்கள். ஒரு நாள் காலையில் பாதிப் புழுக்களைக் காணோம்! செடியைச் சுற்றிக் குளவி ஒன்று பறந்துகொண்டிருக்கும்.

புழுவைக் குளவி என்ன செய்கிறது? கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடுகிறது என்பது நம் நாட்டுப் பழமொழி. குரு சீடனை உருவாக்குவதற்கு இதையே உவமையாகச் சொல்வார்கள். மண்கூட்டுக்குள் போனது புழு. வெளியே வந்தது குளவி. பார்த்தவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

அந்தக் கூட்டுக்குள் நடப்பதைக் கண்ணால் பார்த்தே தீருவது என்று உட்கார்ந்தவர், பிரெஞ்சு தேசத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ழான் ஹென்றி ஃபேபர்.

ஒரு மாதச் சம்பளம்

தெற்குப் பிரான்சில் செயின்ட் லியோன் என்ற கிராமத்தில், 1823-ல், ஏழைக் குடும்பத்தில் பிறந்தார் ஃபேபர். உபகாரச் சம்பளம் பெற்றுப் படித்து ஆசிரியரானார். ஆண்டுக்கு 700 பிராங்க் சம்பளம். அதில் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளத்தைப் பூச்சிகளைப் பற்றிய புத்தகம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்!

குளவி கூட்டில் சேர்த்து வைக்கும் இரை பல நாள் அழுகாமல் இருப்பது ஏன்? குளவியின் விஷம் இரையைக் கொன்று, கெடாமலும் காக்கிறது என்று அக்காலத்து அறிஞர் லியோன் துஃபூர் எழுதியிருந்தார். ஃபேபர் சோதித்துப் பார்த்தார். இரை சாகவே இல்லை. அசைய முடியாமல் முடங்கிக் கிடந்தது. அதை 1855-ல் வெளியிட்டார். பின்னர் டார்வின் தமது நூலில் அவரைப் பாராட்டினார். ஆனால் டார்வினின் பரிணாமக் கொள்கையை ஃபேபர் கடைசிவரை ஏற்கவில்லை.

வேலை போயிற்று

அவிஞ்ஞான் நகரில் மாலை வேளைகளில் இலவச வகுப்பு நடத்தினார். பெண்களும் வந்து கேட்டார்கள். பூ எப்படிக் கருவுறுகிறது என்று அவர்களுக்குச் சொன்னது பெருங்குற்றமாகிவிட்டது! எதிர்ப்பு கிளம்பியது. 1870-ல் வேலை போயிற்று. குடியிருந்த வீட்டையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் கடனாகக் கொடுத்த 3,000 பிராங்க்தான் குடும்பத்தைக் காப்பாற்றியது. பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகங்கள் எழுதிப் பிழைத்தார், கடனையும் அடைத்தார்.

1879-ல் செரிஞ்ஞான் கிராமத்தில் கல்லும் முள்ளும் நிறைந்த ஒரு தோட்டத்தை வாங்கினார். பயிருக்கு உதவாத நிலம், குளவிகளுக்கோ சொர்க்கம்! பிறகு 36 ஆண்டுகள் அதுவே அவருடைய ஆராய்ச்சிச் சாலை.

கூட்டுக்குள் நடந்தது

ஒருவகைக் குளவி, பயிரின் வேரைத் தின்னும் புழுவைப் பிடித்துக் கணுக்கணுவாகக் கொட்டி முடக்குவதை அவர் கண்டார். சின்ன மண்குடம் கட்டும் குளவியின் கூட்டில் சன்னல் போலத் துவாரம் செய்து உள்ளே பார்த்தார். குடம் நிறையப் புழுக்கள். குளவியின் முட்டை கூரையிலிருந்து மெல்லிய நூலில் தொங்கியது. கீழே நெளியும் புழுக்களால் அது நசுங்காமலிருக்க இந்த ஏற்பாடு! முட்டையிலிருந்து வந்த குஞ்சு புழுக்களைத் தின்று வளர்ந்து குளவியாயிற்று.

ஆக, புழு குளவியாவதில்லை. குளவிக் குஞ்சுக்கு உணவாகிறது. கொலைகாரியாகத் தோன்றிய குளவி, பிள்ளைக்குச் சோறு தேடும் தாய்!

இவற்றையெல்லாம் 1879 முதல் 1907 வரை பத்துத் தொகுதிகளாக எழுதினார் ஃபேபர். 1910-ல் அறிஞர்கள் கூடி அவருக்கு விழா எடுத்தபோது வயது 86. 1915-ல் காலமானார். அவர் சொன்னவற்றில் சிலவற்றைப் பின்வந்தவர்கள் திருத்தினார்கள்; உட்கார்ந்து பார்க்கும் வழியை யாரும் திருத்தவில்லை.

நம் கொல்லைக்கும் அந்த வழி உதவும். குளவிகள் எல்லாம் புழுவைத் தூக்கிச் செல்வதில்லை. சில பொடிக் குளவிகள் முட்டைக்குள்ளும் புழுவுக்குள்ளுமே முட்டையிடும். ஆகையால் வண்ணத்துப்பூச்சி முட்டையிட்ட அன்றே அந்தக் கிளையைக் கொசுவலைத் துணியால் பை போலத் தளர்வாகக் கட்டிவிட வேண்டும். தாமதித்தால் எதிரியையும் உள்ளே வைத்துக் கட்டியதாகிவிடும். இலை தீர்ந்தால் வேறு கிளைக்கு மாற்றலாம். பூச்சி மருந்து மட்டும் கூடாது. அது இரண்டையும் கொல்லும்.

குளவியை அடித்து விரட்டவும் வேண்டாம். கரும்பைத் துளைக்கும் புழுவை ஒழிக்க நம் விவசாயிகள் பொடிக் குளவிகளை வாங்கியே வயலில் விடுகிறார்கள். கொல்லையில் ஒரு கிளைக்கு வலை கட்டினால் போதும். மற்றக் கிளைகளைக் குளவிக்கு விட்டுவிடலாம். அதற்கும் கூட்டில் பிள்ளை காத்திருக்கிறது.