தன்னை அறிந்த தொண்டு: ஸ்ரீ ஆளவந்தார் வைபவம்

திருவிடைமருதூரிலிருந்து திருப்பனந்தாள் வழியே வடக்கு நோக்கிச் சென்று, அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடந்து மேலும் செல்வோர்க்குக் காட்டுமன்னார்கோயில் வெகு தூரமன்று. அணைக்கரையில் தேங்கும் நீரே வடவாற்றின் வழியாக ஓடி அவ்வூர் வீராணம் ஏரியை நிரப்புகின்றது. நம் வயலை விளைவிக்கும் காவிரியே அவ்வூர் வயலையும் விளைவிக்கிறாள். வீரநாராயணபுரம் என்று பழம்பெயர் கொண்ட அத்திருத்தலத்தில், கி.பி. 10ஆம் நூற்றாண்டில், ஓர் ஆடி உத்திராடத் திருநாளில் திருவவதாரம் செய்தவர் ஸ்ரீ ஆளவந்தார்.

உத்ஸவ காலத்தில் ஸ்ரீபாதம் தாங்கவும், தண்ணீர்ப் பந்தலில் நிற்கவும், ததியாராதனத்தில் பரிமாறவும் ஊர் இளைஞர்கள் மனமுவந்து முன்வருவதைக் கண்டு அடியேன் ஆண்டுதோறும் மகிழ்வதுண்டு. தொண்டு செய்யும் இளைஞன் முதலில் அறிய வேண்டுவது யாது? அவ்வினாவிற்கு இம்மகானுடைய சரித்திரத்தைக் காட்டிலும் தெளிவான விடை வேறு இருப்பதாக அடியேனுக்குத் தோன்றவில்லை.

ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களைத் தேடித் தொகுத்து நமக்களித்த ஸ்ரீமந் நாதமுனிகளின் திருப்பேரனார் இவர், தந்தையார் ஈச்வரமுனிகள். நாதமுனிகள் யமுனைக் கரையில் தங்கியிருந்த நினைவாகக் குழந்தைக்கு யமுனைத்துறைவர் என்று திருநாமம் சாற்றினர். பிறக்கப்போகும் பேரனை நல்வழியில் சேர்க்கும் பொறுப்பை நாதமுனிகள் தம் சிஷ்யரான உய்யக்கொண்டாரிடம் முன்னரே ஒப்படைத்திருந்தார். அவர் அதனைத் தம் சிஷ்யரான மணக்கால் நம்பியிடம் ஒப்படைத்தார். இவ்வாறு, குழந்தை தன்னை அறியுமுன்பே அதன்பொருட்டு இருவர் கவலை கொண்டிருந்தனர்.

யமுனைத்துறைவர் மகாபாஷ்ய பட்டரிடம் சாஸ்திரம் பயின்றார். அக்காலத்தில் சோழன் அவையில் ஆக்கியாழ்வான் என்னும் வித்வான் செருக்குடன் விளங்கினார். ஏனைய வித்வான்கள் தமக்குக் கப்பம் செலுத்த வேண்டுமென்று அவர் ஓலை அனுப்புவது வழக்கம். ஓலை பட்டரிடமும் வந்தது. ஆசார்யன் முகம் வாடியதைக் கண்ட சிறுவர் யமுனைத்துறைவர், அவ்வோலையைக் கிழித்தெறிந்து, தாமே வாதத்திற்கு வருவதாகச் சொல்லியனுப்பினார்.

அவையில் சிறுவரைக் கண்டதும் அரசி அவர் பக்கம் நின்றாள். இவர் தோற்றால் தான் அடிமைத் தொழில் செய்வதாகப் பந்தயம் கூறினாள். இவர் வென்றால் ராஜ்யத்தில் பாதி தருவதாக அரசன் வாக்களித்தான். வாதத்தில் ஆக்கியாழ்வான் விடை கூறமாட்டாது தலை குனிந்தார். தன்னை ஆள வந்தவர் இவரே என்று அரசி களித்துக் கூற, அன்றுமுதல் ஆளவந்தார் என்ற பெயரே நிலைத்தது. பாதி ராஜ்யமும் கைக்கு வந்தது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இளம் வயதில் கல்வி, புகழ், செல்வம், அதிகாரம் ஆகிய நான்கும் ஒருவருக்கு ஒருங்கே வாய்த்தன. ஆசார்யனின் துயர் தீர்க்கப் புறப்பட்டதும் நல்லெண்ணத்தினாலேயே. எனினும் வென்றவர் அரண்மனையில் அமர்ந்தபின், தாம் யாருடைய பேரன், எதற்காகப் பிறந்தவர் என்பதை மறந்தார். பிறர் கூற்றில் உள்ள பிழையை நொடியில் காணவல்ல அறிவு, தம் மறதியைக் காணவில்லை. அடியேனும் பாடசாலை நாட்களில் ஒரு வாக்யார்த்தத்தில் ஜயித்த மமதையால், சில நாட்கள் சந்நிதிக்கு விளக்கேற்ற மறந்து நின்றதுண்டு. ஆதலின் இவ்விடத்தைப் படிக்கும்போதெல்லாம் அடியேன் நெஞ்சு சுடும்.

இனி மணக்கால் நம்பியின் பெருமையைச் சொல்ல வேண்டும். அவர் பன்னிரண்டு ஆண்டுகள் உய்யக்கொண்டாருக்குப் பணிவிடை செய்தவர். ஒருநாள் ஆசார்யனின் பெண்குழந்தைகள் நீராடித் திரும்புகையில் வழியில் சேறு குறுக்கிட்டது. குழந்தைகள் கால்வைக்க அஞ்சி நிற்க, நம்பி அச்சேற்றில் தாமே கிடந்து, தம் முதுகின்மேல் நடந்து செல்லும்படி செய்தார். இத்தகையவர் ஆளவந்தாரைத் தேடி வந்தபோது, வாயிற்காவலர் உள்ளே விடவில்லை. அவர் சினந்து திரும்பவுமில்லை, தம் பெருமையைச் சொல்லி வழி கேட்கவுமில்லை. மடைப்பள்ளியில் பணிபுரிவோரை அணுகி, அரசர் விரும்பி உண்பது யாது என வினவினார். தூதுவளைக் கீரை என்று அறிந்தார்.

தூதுவளை வேலியில் படரும் கொடி. அதன் தண்டிலும் இலையிலும் முள் உண்டு. பறிப்பவர் விரலைக் குத்தும். நம்பி நாள்தோறும் அதனைப் பறித்துக்கொண்டுவந்து மடைப்பள்ளியில் சேர்த்தார். ஒரு நாளன்று, இரு நாளன்று. ஆறு மாதங்கள் இவ்வாறு கழிந்தன. கீரையை உண்டவர், கொண்டுவந்தவர் யார் என்று ஒருநாளும் கேட்கவில்லை. பிறகு நம்பி சில நாட்கள் கீரை தருவதை நிறுத்தினார். இலையில் கீரை இல்லாமை கண்ட பின்னரே ஆளவந்தார் வினவினார். ஒரு முதியவர் ஊதியம் ஏதும் பெறாமல் தந்துவந்தார் என்று கேட்டதும் அவர் திகைத்தார். அடுத்தமுறை வந்தால் அழைத்து வருமாறு பணித்தார்.

நம்பி வந்தார். நிலமா, பொன்னா, யாது வேண்டும் என்று ஆளவந்தார் கேட்டார். தமக்கு ஒன்றும் வேண்டாவென்றும், பாட்டனார் நாதமுனிகள் பேரனுக்கென வைத்துச் சென்ற நிதி ஒன்று தம் பொறுப்பில் உள்ளதென்றும், அதனை ஒப்படைக்கும்வரை தடையின்றி வந்துபோக அனுமதி மட்டும் போதுமென்றும் நம்பி விண்ணப்பித்தார். அதன்பின் நாள்தோறும் வந்து பகவத்கீதையின் பொருளைச் சிறிது சிறிதாக உபதேசித்தார். கேட்கக் கேட்க ஆளவந்தாரின் உள்ளம் கரைந்தது. தாம் ஆள்பவரல்லர், எம்பெருமானால் ஆளப்படுபவர் என்ற ஸ்வரூப ஞானம் பிறந்தது. நிதியைக் காட்டுமாறு வேண்டியவரை, இரு ஆறுகளுக்கிடையே ஏழு மதில்களுக்குள் உள்ளதென்று கூறி, நம்பி திருவரங்கத்திற்கு அழைத்துச் சென்றார். பெரிய பெருமாளைக் காட்டி, நாதமுனிகள் தேடிய நிதி இதுவே என்றார். ஆளவந்தார் அரண்மனைக்குத் திரும்பவில்லை. துறவறம் ஏற்றுத் திருவரங்கத்திலேயே தங்கினார்.

வாதத்தில் வென்ற அதே அறிவு இப்போது தொண்டாயிற்று. ஸ்தோத்ர ரத்னம், சதுச்லோகீ, கீதார்த்த ஸங்க்ரஹம், ஸித்தித்ரயம், ஆகம ப்ராமாண்யம் முதலிய நூல்கள் பிறந்தன. பெரிய நம்பி, திருக்கோட்டியூர் நம்பி, பெரிய திருமலை நம்பி, திருக்கச்சி நம்பி முதலியோர் சிஷ்யராயினர். தாழ்ந்த குலத்தவர் என்று உலகம் ஒதுக்கிய மாறனேர் நம்பியும் அவர் திருவடிகளில் இடம் பெற்றார்.

தன்னை அறிந்தவர்க்கும் தவறு நேர்வதுண்டு என்பதையும் குருபரம்பரை மறைக்கவில்லை. யோக ரகசியத்தை அருளுவதற்குக் குருகைக்காவலப்பன் ஒரு நாளைக் குறித்திருந்தார். அரையர் சேவையில் திருவனந்தபுரப் பாசுரத்தைக் கேட்டு உருகிய ஆளவந்தார், அப்பொழுதே அத்திருத்தலத்திற்குப் புறப்பட்டார். குறித்த நாள் கடந்ததை உணர்ந்து அவர் வருந்திய வேளையில் காலம் கைவிட்டுப் போயிருந்தது. பக்தியே காரணமாயினும் இழந்தது இழந்ததே. கொடுத்த வேளையைக் காப்பதும் கைங்கர்யத்தின் ஓர் அங்கமென்று இளைஞர்கள் இதனால் உணர்க.

காஞ்சிக்கு எழுந்தருளியபோது, யாதவப்பிரகாசரிடம் பயின்றுகொண்டிருந்த இளையாழ்வாரைத் தொலைவிலிருந்தே கண்டார். அருகழைத்துப் பேசி அவர் கல்விக்கு இடையூறு செய்யவில்லை. அவரைத் தரிசனத்திற்குத் தந்தருளுமாறு பேரருளாளன் சந்நிதியில் வேண்டித் திரும்பினார். தமக்காக நம்பி காத்திருந்ததுபோல், அவரும் காத்திருக்கக் கற்றிருந்தார். அந்த இளையாழ்வாரே எம்பெருமானார் ஸ்ரீராமாநுஜர். அவர் திருவரங்கம் வந்து சேருமுன் ஆளவந்தார் திருநாட்டுக்கு எழுந்தருளிவிட்டார். சரம திருமேனியில் மூன்று விரல்கள் மடங்கியிருக்கக் கண்டு, நிறைவேறாத மூன்று மனோரதங்களைத் தாம் நிறைவேற்றுவதாக ராமாநுஜர் உறுதி கூற, விரல்கள் ஒவ்வொன்றாய் நிமிர்ந்தன என்பர் பெரியோர்.

பாதி ராஜ்யத்தை ஆண்ட நாளில் அவர் வெறும் பெயரளவிலேயே ஆளவந்தார். தாம் அடியார் என்று அறிந்த நாள்முதலே அப்பெயருக்குப் பொருள் வந்தது. இத்தனைக்கும் வித்து, ஆறு மாதம் யாரும் வினவாத ஒரு கீரைக்கட்டு.

இவ்வுத்ஸவத்தில் தோள் கொடுக்கும் இளைஞரே! நும் பெயர் பலகையில் இல்லையே என்றும், நும் உழைப்பை ஒருவரும் கேட்கவில்லையே என்றும் மனம் சோரும்போது, மணக்கால் நம்பியின் முள்குத்திய விரல்களை நினைமின். பலரும் புகழும்போது, அரண்மனையில் தம்மை மறந்திருந்த ஆளவந்தாரை நினைமின். இவ்விரு நினைவும் ஒருங்கே நிற்கும் நெஞ்சில் கைங்கர்யம் குறைவின்றி வளரும்.

சுபமஸ்து.