அப்பாவின் வயல் பாட்டு

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் சம்பூர். அங்கே வயல் வேலையின்போது அப்பா முணுமுணுத்தது பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாட்டுகளைத்தான்.

1930இல் தஞ்சாவூர் மாவட்டத்துச் செங்கப்படுத்தான்காட்டில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பள்ளிப்படிப்பு குறைவு. வயலும் விவசாயிகள் இயக்கமுமே அவரை வளர்த்தன. 1950களில் சினிமாவுக்கு எழுத வந்தார். 1958இல் வெளியான 'நாடோடி மன்னன்' படத்தில், விளைச்சல் பெருகியும் உழுதவர் கை ஏன் வெறுமையாக இருக்கிறது என்று பாட்டிலேயே கேட்டார். மறு ஆண்டு, 29 வயதில் இறந்துபோனார்.

2006இல் நாங்கள் இடம்பெயர்ந்தோம். முகாமில் இருந்த ஆண்டுகளில் அப்பா பாடவே இல்லை. காணி திரும்பக் கிடைத்துப் பற்றை வெட்டிய முதல் நாள், அதே பாட்டு அவர் வாயில் வந்தது. ஒரு சொல்லும் மறக்கவில்லை.

அந்தப் போக அறுவடையில் கடனைக் கட்டியதும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கல்யாணசுந்தரத்தின் கேள்வி எனக்கு அன்றுதான் விளங்கியது.